வேற மாத்திரை ஏதாவது?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். அட்மிஷன் ஃபாரத்தை அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். சுகர்? இல்லை. பிரஷர்? இருக்கிறது, மாத்திரை போடுகிறார். ஆஸ்துமா, வலிப்பு? இல்லை. இதற்கு முன்னால் ஆபரேஷன்? கர்ப்பப்பை எடுத்தது, இருபது வருஷம் ஆச்சு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை? இல்லை. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா? இல்லை. அம்மா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி பக்கத்தில்தான் இருந்தார். ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது நான்தான். கான்டீன் மூடுவதற்குள் இட்லி வாங்க வேண்டும், அண்ணன் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கீழே நிற்கிறான், இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இன்னொரு கையெழுத்து பாக்கி. அந்த அவசரத்தில் கடைசி 'இல்லை' எப்படி வாயிலிருந்து வந்தது என்றுகூட நினைவில்லை.

இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. அந்த 'இல்லை'யை நான் மறந்துதான் இருந்தேன், போன மாதம் ஆபீஸில் ஒரு டெமோ பார்க்கிற வரைக்கும்.

அம்மாவுக்கு அப்போது 67 வயது. முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கி வரும் பாதை இடுப்புக்கு மேலே இரண்டு இடத்தில் குறுகிப்போயிருந்தது. நாலு எட்டு வைத்தால் கால் மரத்துவிடும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாரச் சந்தைக்குப் போய் வர வழியில் எத்தனை திண்ணை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அப்பாவின் பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்து தள்ளிக்கொண்டு போனால் மட்டும் நிற்காமல் போக முடிந்தது. இதைச் சொன்னதுமே டாக்டர் சிரித்துவிட்டார். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே அவருக்கு நோய் தெரிந்துவிட்டது. குனிந்தால் அந்தப் பாதை கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான். பின்பக்க எலும்புக் கூரையை எடுத்துவிட்டு நரம்புக்கு இடம் பண்ணிக் கொடுக்கிற ஆபரேஷன், லேமினெக்டமி. எங்கே பண்ணினோம் என்பது இங்கே வேண்டாம். கோவையில் ஒரு மருத்துவமனை, அவ்வளவு போதும்.

கட்டை விரல்

மதியம் ஒரு மணிக்கு ரூமுக்குக் கொண்டுவந்தார்கள். முதுகிலிருந்து ஒரு டியூப் இறங்கி, அமுக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் முடிந்தது. அதில் சிவப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்த சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். மணிக்கொரு தடவை வருவாள். போர்வையைக் காலிலிருந்து விலக்குவாள். "எம்மா, கால் கட்டை விரலை மேல தூக்குங்க பாப்போம்." தூக்கும் விரலின் மேல் தன் ஒற்றை விரலை வைத்துக் கீழே அழுத்துவாள். "விடாதீங்க, விடாதீங்க... ஆங், போதும்." வலது, இடது. தொடையின் உள்பக்கம் தொட்டுப் பார்த்து "தெரியுதா?" என்பாள். ஒரு தாளில் ஏதோ எழுதிவிட்டுப் போய்விடுவாள். மொத்தமே ஒன்றரை நிமிஷம்.

ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்கண்ணு, இந்தப் புள்ள தூங்கவே உடமாட்டேங்குது. மணிக்கொருக்கா வந்து வெரலத் தூக்கு, வெரலத் தூக்குன்னா? ஆபரேசன் பண்ணுனது முதுவுலதான?" எனக்கும் அதேதான் தோன்றியது. பதினொரு மணிக்கு அவள் வந்தபோது நானே சொன்னேன்: "சிஸ்டர், கொஞ்சம் தூங்க விடுங்களேன். காலையில பாத்துக்கலாம்." அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "காலையில எனக்கு டூட்டி இல்லக்கா" என்றபடி போர்வையை விலக்கினாள்.

அப்போதே முதுகுவலி அதிகமாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தார். ஆபரேஷன் ஆனால் வலிக்காமலா இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். டப்பாவைப் பார்த்தேன், கடந்த இரண்டு மணி நேரத்தில் ரத்தம் சேரவே இல்லை. நல்ல அறிகுறி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு சிஸ்டர் வந்தாள். இடது விரல் மேலே வந்தது. வலது விரல் வந்தது, ஆனால் அவள் அழுத்தியதும் பொத்தென்று கீழே போய்விட்டது. இன்னொரு தடவை. மறுபடியும் அதேதான். அவள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவின் டியூபை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். நடந்துதான் போனாள், காரிடாரில் திரும்பியதும் செருப்புச் சத்தம் ஓட்டமாக மாறியது எனக்குக் கேட்டது.

டூட்டி டாக்டர் வந்து ஊசி முனையால் குத்திக் குத்திக் கேட்டார். "பவர் த்ரீ" என்று போனில் சொன்னார். ஐந்துக்கு மூன்று. இரண்டு மணிக்கு எம்ஆர்ஐ, மூன்று மணிக்கு மறுபடி தியேட்டர். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. டியூபின் வாயையும் அந்தக் கட்டியே அடைத்துவிட்டது, அதனால்தான் டப்பா சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அம்மாவின் விரல் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. யூரின் டியூபைக் கூடுதலாக ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இதற்கு மேல் எதுவும் இல்லை, இப்போது சந்தைக்குத் திண்ணை எண்ணாமல் போய் வருகிறார். 1995-இல் லாட்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு பழைய கட்டுரை இருக்கிறது. ரத்தக் கட்டியால் நரம்பு அழுந்தியவர்களில், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தவர்களே நன்றாகத் தேறினார்கள் என்று அதில் இருந்தது. பிற்பாடு அதைப் படித்தபோது நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை அந்த சிஸ்டர் கேட்டிருந்தால் எத்தனை மணி நேரம் போயிருக்கும் என்று.

நாலாம் நாள் பையை அடுக்கும்போது அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு மாத்திரை அட்டை. டைக்ளோஃபெனாக். பத்தில் ஏழு காலி. "இதென்னம்மா?" "அது மாத்தர இல்ல கண்ணு, வலிக்குப் போடறது. மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க." எத்தனை நாளாக? "ரெண்டு வருசமிருக்கும். வலிச்சா ஒண்ணு." கடைசியாக எப்போது? அட்மிஷன் ஃபாரம் நிரப்பிய அதே ராத்திரி, நான் இட்லி வாங்கப் போயிருந்தபோது.

டாக்டரிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த ரக மாத்திரைகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பண்ணும் என்றார். ஆஸ்பிரின் என்றால் அந்தத் தட்டணு சாகிற வரைக்கும், ஏழு முதல் பத்து நாள். டைக்ளோஃபெனாக் சீக்கிரமே விட்டுவிடும். "இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." முதுகெலும்பைச் சுற்றி ஒரு சிரைப் பின்னல் இருக்கிறது. 1940-இல் அதை விவரித்த பாட்சன் என்பவரின் பெயரில் அழைக்கிறார்கள். அதில் வால்வு கிடையாது. வயிற்றில் அழுத்தம் ஏறினால் ரத்தம் இந்தப் பக்கம் திரும்பும். ஆபரேஷனின்போது வயிறு அழுந்தாதபடி குப்புறப் படுக்க வைக்கிறார்கள், பிரஷரையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லாம் காய்ந்த மாதிரி தெரியும். மயக்கம் தெளிந்து, இருமி, பிரஷர் ஏறும்போது எது திறந்துகொள்ளும் என்று தையல் போடும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது 'இல்லைன்னும் சொல்ல மாட்டேன்' மட்டும்தான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

நான் டேட்டா அனலிஸ்ட். எங்கள் டீம் செய்வது கடன் திருப்பிக் கட்டாதவர்களைக் கணிப்பது. பக்கத்து டீமுக்கு ஒரு மருத்துவமனை வேலை வந்திருந்தது: முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவர்களில் யாருக்கு ரத்தக்கசிவுச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல். டெமோவுக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள், டீயும் பப்ஸும் உண்டு. வயது, ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, எத்தனை எலும்பு மட்டம், எவ்வளவு ரத்தம் போனது, என்னென்ன மாத்திரை என்று நாற்பது சொச்சம் விவரங்கள் உள்ளே போகும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வெளியே வரும். பத்தாவது ஸ்லைடோ என்னவோ, அதில் இப்படி இருந்தது: பச்சை நோயாளிகளுக்கு மணிக்கொரு தடவை நரம்புப் பரிசோதனை தேவையில்லை, நாலு மணிக்கொரு தடவை போதும், நர்ஸ்களின் நேரம் மிச்சம்.

கையிலிருந்த பப்ஸை அப்படியே பேப்பர் தட்டில் வைத்துவிட்டேன். "பச்சையில் இருக்கிற ஒருத்தருக்கு ரத்தம் கட்டினால்?" என்று கேட்டேன். பேசிக்கொண்டிருந்த பையன் நல்லவன், கெட்டிக்காரன். "அது ஃபால்ஸ் நெகட்டிவ்ங்க அக்கா, மாடல் தவறவிடுற கேஸ். ரொம்பக் கம்மிதான் வரும்" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. நான் தினமும் அதே வார்த்தையைத்தான் கடன் கட்டாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கம்மி என்பது எவ்வளவு கம்மி என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1984 முதல் 2002 வரை முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட 14,932 பேரை வைத்து 2005-இல் ஒரு கட்டுரை வந்தது. ரத்தக் கட்டிக்காக மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் 32 பேர், அதாவது சுமார் 0.2 சதவீதம். இந்த இடத்தில் எங்கள் தொழிலின் பழைய ஜோக் ஒன்று பொருந்தும்: யாருக்கும் எதுவும் ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல்கூட 99.8 சதவீதம் சரி. சரி, நல்ல மாடல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வரப்போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கிறது, வராதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. 10,000 பேரில் 20 பேருக்குக் கட்டி வரும். 18 பேரைப் பிடிக்கும். கூடவே ஒன்றும் ஆகாத 998 பேருக்கும் சிவப்பு விளக்கு எரியும். 56 தடவை ஓடினால் ஒரு தடவை நிஜம். மாடல் அவ்வளவு நல்லதாக இல்லாமல் பாதிப் பேரை மட்டும் பிடித்தால், மீதிப் பத்துப் பேர் பச்சையில் நாலு மணி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பாதி என்று நான் சொன்னது அநியாயமாகப் படலாம். செப்சிஸை, அதாவது தொற்று முற்றி உடல் உறுப்புகளே பழுதாகும் நிலையை, கணிக்க எபிக் என்ற மருத்துவமனை மென்பொருள் நிறுவனத்தின் மாடல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் மருத்துவமனையில் அதைச் சோதித்து 2021-இல் எழுதினார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தவறவிட்டிருந்தது. ஆனாலும் அட்மிஷன்களில் 18 சதவீதத்துக்கு மணி அடித்திருந்தது. செப்சிஸ் அபூர்வமான நோய்கூட இல்லை.

அபூர்வம் என்பதில் இன்னொரு தொல்லை. முப்பத்திரண்டு பேரை வைத்து நாற்பது விவரங்களைப் படிக்கச் சொன்னால் எந்த இயந்திரமும் விழிக்கும். அதற்கு ஒரு வித்தை இருக்கிறது, ஸ்மோட் என்பார்கள். இருக்கிற நோயாளிகளுக்கு நடுவில் இல்லாத நோயாளிகளை உண்டாக்கி எண்ணிக்கையைச் சமப்படுத்துவது. நானும் செய்திருக்கிறேன். கடன் விஷயத்தில் கற்பனைக் கடன்காரரால் யாருக்கும் கால் மரத்துப்போவதில்லை. சமப்படுத்திய டேட்டாவில் பழகிய மாடல், அபூர்வ நோயைத் தினசரி நோயாக நினைத்துக்கொள்ளும். அதைத் திருப்பிச் சரிசெய்யாமல் திரையில் காட்டினால் அந்த சதவீதத்துக்கு அர்த்தம் இல்லை.

ஊர் மாறினாலும் மாடல் தடுமாறும். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கட்டுரையில் ஆபத்தைக் கூட்டும் காரணங்களாகச் சொன்னவை: அறுபதுக்கு மேல் வயது, ஆபரேஷனுக்கு முன் வலி மாத்திரை (ஆமாம்), அப்புறம் ஆர்ஹெச் பாசிட்டிவ் ரத்தம். கடைசியானதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நம் நாட்டில் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் பாசிட்டிவ். இங்கே அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பதும் 'நோயாளிக்கு மூக்கு இருக்கிறது' என்று எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எல்லோருக்கும் மறுநாள் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் என்ன என்றும் ஒருத்தர் கேட்டார். அதுவும் உதவாது. ஆபரேஷனுக்குப் பின் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பாதிப் பேருக்கு மேல் உள்ளே ரத்தம் தேங்கித்தான் இருந்தது, எந்தத் தொந்தரவும் இல்லாமலே. படத்தில் கட்டி தெரிவது வேறு, கட்டை விரல் தொங்குவது வேறு.

அம்மாவின் நம்பர்கள்

டெமோ முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பையனிடம், ஒரு கேஸைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி என் போனில் இருந்தது. வயது 67. இரண்டு மட்டம். தட்டணு சரி. ஹீமோகுளோபின் சரி. போன ரத்தம் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. முன்பு முதுகில் ஆபரேஷன் இல்லை. வலி மாத்திரை: இல்லை. ஃபாரத்தில் அப்படித்தானே இருக்கிறது. என்டர் தட்டினான். பச்சை.

"இப்ப வலி மாத்திரைக்கு 'ஆம்' போடு" என்றேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிற மாதிரி இருந்தது. சிவப்பு வந்தால் குற்றம் என்னுடையது என்று முடிவாகிவிடும், அதுகூட ஒருவித நிம்மதிதான். அவன் மாற்றினான். எண் இரண்டாவது தசமத்தில் கொஞ்சம் அசைந்தது. நிறம் அதே பச்சை.

"வலி மாத்திரைக்கு வெயிட்டே இல்லையே?" என்றேன். அவன் டேட்டாவைத் திறந்து காட்டினான். அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. எங்கோ ஓரிடத்தில் ஒரு 'ஆம்'. "யாரும் அதிகமா சாப்பிடுறதில்ல போலக்கா" என்றான்.

நாள்பட்ட முதுகுவலியோடு ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் இவர்கள். ஒரு வலி மாத்திரைகூட விழுங்காமலா இத்தனை வருஷம் ஓட்டியிருப்பார்கள்? ஒவ்வொரு 'இல்லை'க்குப் பின்னாலும் ஒரு சாயங்காலம், ஒரு ஃபாரம், கான்டீனுக்கு ஓடுகிற ஒரு மகளோ மருமகனோ தெரிந்தார்கள். பக்கத்தில் சுருக்குப்பையோடு ஒரு பாட்டி. மாத்திரை சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒரே 'இல்லை'யில் கலந்துவிட்டால், அந்த மாத்திரையால் வித்தியாசம் எதுவும் இல்லை என்றுதான் இயந்திரம் படித்துக்கொள்ளும். எங்களைப் போன்றவர்கள் சொல்லிக் கொடுத்ததை அது அப்படியே ஒப்பித்தது.

இதே போலத் தலைகீழாகப் படித்துக்கொண்ட மாடல் ஒன்று எங்கள் துறையில் பிரபலம். 1990-களில் நிமோனியா நோயாளிகளைத் தரம் பிரிக்க ஒரு முயற்சி நடந்தது. ஆஸ்துமா இருந்தால் சாகும் ஆபத்து குறைவு என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. காரணம், ஆஸ்துமாக்காரர்களை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் பிழைத்தார்கள். அதில் வேலை பார்த்த ரிச் கருவானா பின்னாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் விஷயத்தில் அந்த இடத்தில் அந்த சிஸ்டர் இருக்கிறாள் என்று தோன்றியது. பச்சையில் இருக்கிறவர்கள் இதுவரை பெரும்பாலும் நன்றாக வீடு திரும்பியதில், மணிக்கொரு தடவை விலக்கிய போர்வைக்கு எவ்வளவு பங்கு? அது டேட்டாவில் இல்லை. அவள் எழுதிய தாள் ஸ்கேன்கூட ஆகவில்லை. இப்போது அந்த டேட்டாவைக் காட்டியே அவளை வர வேண்டாம் என்கிறோம்.

மாடலே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஆபரேஷனில் எவ்வளவு ரத்தம் போகும், எத்தனை யூனிட் ஏற்ற வேண்டியிருக்கும் என்று கணிக்கும் மாடல்கள் எனக்குப் பிடிக்கும். ரத்தம் ஏற்றுவது தினமும் நடப்பது, கணக்கில் ஒழுங்காகப் பதிவாவது, படிக்க ஆயிரக்கணக்கில் உதாரணம் உண்டு. 'ரெண்டு யூனிட்டுக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க' என்று சொன்னதும் ராத்திரியில் நண்பர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த என் அண்ணனைப் போன்றவர்களுக்கு, ஒரு யூனிட் போதும் என்று நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தால் அது பெரிய உதவி. கட்டி விஷயத்திலும் சிவப்பு வந்தவர்களை அரை மணிக்கொரு தடவை பார்க்கட்டும், தாராளமாக. ஸ்லைடில் எனக்கு ஒப்பாதது அந்தப் பச்சை வரி ஒன்றுதான். அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். கிளையன்ட் இதற்குப் பணம் கொடுப்பதே அந்த வரிக்காகத்தான் என்றான். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆகியும் விரல் பரிசோதனை பதிவாகவில்லை என்றால் வார்டு டேப்லெட்டில் சத்தம் வருகிற மாதிரி ஒன்று செய்யலாமா என்று கேட்டான். அதற்கு ஏஐயே வேண்டாமே, அலாரம் போதுமே என்றேன். "ஏஐன்னு பேர் வெச்சாத்தான் அக்கா பட்ஜெட் வரும்" என்றான். இரண்டு பேருமே சிரித்தோம். அந்த வரி இப்போது ஸ்லைடில் இருக்கிறதா இல்லையா என்பதை ஆபீஸ் விஷயம் என்று விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அம்மாவைக் கண்புரைக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கேயும் ஒரு சின்னப் பெண், அங்கேயும் ஒரு ஃபாரம். சுகர்? பிரஷர்? நான் வாயைத் திறக்காமல் அம்மாவைப் பார்த்தேன், அவரே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" "இல்லீங் கண்ணு" என்றார் அம்மா, கொஞ்சமும் தயங்காமல். நான் அவர் மடியிலிருந்த சுருக்குப்பையை எடுத்து, கயிற்றை இழுத்து, அந்தப் பெண்ணின் மேஜை மேல் கவிழ்த்தேன். வெற்றிலை, சில்லறை, ஒரு திருநீற்றுப் பொட்டலம், மூன்று மாத்திரை அட்டை. முதல் இரண்டு எனக்குத் தெரியும். மூன்றாவதை நானே அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.